கணக்காளர் தேர்வும் நம் கடமையும்

(ஆரணியில் கூடிய நமது சங்கக் கல்வி நிதியின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய உரை)



தமிழ் கற்பிக்கும் ஒருவர் கணக்காளர் தேர்வைப் பற்றிப் பேச எழுந்ததைக் கண்டு உங்களுட் சிலர் வியப்புறலாம். செயலாளர் இத்தலைப்பைக் கொண்டுவந்தபொழுது யாமும் வியப்புற்று, இலக்கியம் ஏதேனும் பேசுகின்றோம் என்று சொல்லித் தப்ப முயன்றோம். அவர் விட்டிலர். பின்னர் எண்ணிப் பார்த்தபொழுது, இதனைப் பேச வேண்டிய கடப்பாடு பிறரினும் எமக்கே மிகுதி என்பது விளங்கிற்று. அதன் காரணத்தை உரையின் இடையே சொல்லுவோம்.

முதற்கண் ஒரு சொல்லாராய்ச்சி. பண்டிதர் பழக்கம் எளிதில் விடாது, பொறுத்தருள்க. நம் முன்னோர் எண்ணுக்கு மாத்திரம் கணக்கென்று பெயரிட்டாரல்லர். நூலுக்கும் அப்பெயரே இட்டனர். பதினெண்கீழ்க்கணக்கு என்னும் தொகைப்பெயர் அதற்குச் சான்று. எழுத்தறிவித்த ஆசிரியரைக் கணக்காயர் என்றனர். ஆகவே எழுத்தும் எண்ணும் ஒரே திண்ணையில் அமர்ந்திருந்த காலம் ஒன்றுண்டு. எம்மனோர் எழுத்தை எடுத்துக்கொண்டு எண்ணைக் கைவிட்டோம். அதனால் விளைந்த நட்டத்தை எம் வீட்டிலேயே கண்டோம்.

எம் தந்தையார் குழித்தறியில் நாற்பது ஆண்டு பட்டு நெய்தவர். பட்டையும் ஜரிகையையும் முதலாளியிடம் எடை போட்டு வாங்கி வருவார். நெய்த சேலையை எடை போட்டுக் கொடுப்பார். எடை குறைந்தால் அதன் விலை கூலியிற் கழியும். மகப்பேறு, திருமணம், தீபாவளி என்று வாங்கிய முன்பணமும் கூலியிற் கழியும். இவையெல்லாம் முதலாளியின் ஏட்டில் ஒரு முறையும், எம் வீட்டில் தடித்த அட்டையிட்ட சிறு நோட்டில் ஒரு முறையும் எழுதப்படும். தந்தையார்க்கு எழுத்துத் தெரியும். கூட்டலும் கழித்தலும் தெரியும். ஆனால் பக்கந்தோறும் ஏறியும் இறங்கியும் வரும் வரவு பற்றினைத் தொடர்ந்து பார்த்து, இவ்விடத்திற் பிழை என்று விரல் வைத்துக் காட்டும் பயிற்சி அவர்க்கில்லை. புலவர் பட்டம் பெற்ற எமக்கும் இல்லை. கடன் தீரவில்லை என்று சொன்னார்கள். தீரவில்லை என்றே நம்பினோம். எம் அன்னையாரின் கம்மல் அடகுக்குப் போயிற்று, மீண்டும் வரவில்லை. தந்தையார் மறைந்த பின்னும் அந்நோட்டை யாம் பெட்டியில் வைத்திருந்தோம்.

இஃது எம் ஒரு வீட்டுக் கதையன்று. இன்றும் நம்மவர் கணக்கென்றால், ‘ஆடிட்டரைப் பார்த்துக்கொள்ளச் சொல்’ என்று பிறர் கையில் ஒப்படைத்துவிட்டு ஒதுங்குகின்றோம். 2017-ஆம் ஆண்டு ஜூலை 1-ஆம் நாள் சரக்கு சேவை வரி வந்தபின், சிறு பட்டுக்கடைக்கும் அரிசி ஆலைக்கும் மாதந்தோறும் கணக்குக் காட்டும் வேலை உண்டாயிற்று. வங்கியிற் கடன் கேட்டால் ஐந்தொகை கேட்கின்றனர். இத்தனைக்கும் நம் சமூகத்திற் பட்டயக் கணக்காளர் எத்தனை பேர் என்று எண்ணினால், ஒரு கை விரல்களே மிகுகின்றன.

கணக்குக் காட்டுதல் நமக்குப் புதிதன்று. காஞ்சிபுரத்தை அடுத்த உத்திரமேரூரில் முதற் பராந்தக சோழன் காலத்தில், 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பெற்ற கல்வெட்டுகளை அறிவீர்கள். ஊர் வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாது போனவரும், அவர்தம் நெருங்கிய உறவினரும், குடவோலையிற் பெயர் எழுதப்பெறும் தகுதியை இழந்தனர் என்று அக்கல் கூறுகின்றது. பொதுப்பணத்தைத் தொட்டவன் கணக்குச் சொல்லக் கடவன் என்னும் நீதி ஆயிரம் ஆண்டுக்கு முன்னரே நம் பக்கத்து ஊரில் நிலைபெற்றிருந்தது. அக்கணக்கைச் சரிபார்க்கும் கல்வி ஒரு தனித் தொழிலாகித் தேர்வும் உரிமமும் பெற்ற வரலாற்றை இனிச் சுருங்கச் சொல்லுவோம்.

ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ நகரக் கணக்காளர் சங்கம் 1854-ஆம் ஆண்டில் அரச பட்டயம் பெற்றது. பட்டயக் கணக்காளர் என்ற பெயர் அதனின்று பிறந்தது. இங்கிலாந்தில் அத்தகைய நிறுவனம் 1880-ஆம் ஆண்டில் அமைந்தது. நம் நாட்டில் 1913-ஆம் ஆண்டுக் கம்பெனிச் சட்டம், தணிக்கை செய்வோர் அரசாங்கத்தின் சான்று பெற்றிருத்தல் வேண்டும் என்று விதித்தது. 1918-ஆம் ஆண்டில் பம்பாயில் அரசாங்கக் கணக்கியல் டிப்ளமா தொடங்கிற்று. விடுதலைக்குப் பின் 1949-ஆம் ஆண்டில் பட்டயக் கணக்காளர் சட்டம் இயற்றப்பெற்று, அவ்வாண்டு ஜூலை 1-ஆம் நாள் இந்தியப் பட்டயக் கணக்காளர் நிறுவனம் தோன்றியது. அன்று தொட்டு இத்தேர்வை நடத்துவதும், தேறினோரைப் பதிவு செய்வதும், தவறு செய்வோரை ஒறுப்பதும் அந்நிறுவனமே.

இவ்வரலாற்றில் இரண்டு பெண்மணிகளை நம் தாய்மார்கள் அறிதல் வேண்டும். மேரி ஹாரிஸ் ஸ்மித் என்னும் ஆங்கிலப் பெண்மணி 1891-ஆம் ஆண்டில் இங்கிலாந்து நிறுவனத்திற் சேர விண்ணப்பித்தார். பெண் என்பதால் மறுத்தனர். அவர் தொழிலை விட்டாரல்லர். 1920-ஆம் ஆண்டில், எழுபத்தைந்தாம் அகவையில், உறுப்பினராக ஏற்கப்பெற்றார். உலகின் முதற் பெண் பட்டயக் கணக்காளர் அவரே.

மற்றொருவர் நம் தமிழ்நாட்டவர். ஆர். சிவபோகம் அம்மையார் 1907-ஆம் ஆண்டிற் பிறந்தவர். சென்னை இராணி மேரி கல்லூரியிற் பயின்றவர். விடுதலைப் போரில் ஈடுபட்டு ஓராண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். அவர் இருந்த சிறை எங்கேயோ அன்று. இங்கிருந்து ஏறக்குறைய 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ள வேலூர்ச் சிறையே. அங்கே இருக்கையில், வெளிவந்தபின் கணக்கியல் பயில்வதென்று அவர் துணிந்தார். 1933-ஆம் ஆண்டில் அரசாங்கக் கணக்கியல் டிப்ளமாத் தேர்வில் தேறினார். சென்னையில் சி. எஸ். சாஸ்திரி என்னும் கணக்காளரிடம் பயிற்சி பெற்றார். தேர்வும் முடிந்தது, பயிற்சியும் முடிந்தது. ஆயினும் உரிமம் கிட்டவில்லை. சிறை சென்றவர் கணக்காளராகப் பதிவு பெறலாகாது என்று விதி குறுக்கே நின்றது. அம்மையார் அவ்விதியை எதிர்த்து அரசாங்கத்தின் மேல் வழக்கிட்டார், வென்றார், 1937-ஆம் ஆண்டிற் பதிவு பெற்ற கணக்காளரானார். 1955 முதல் 1958 வரை அந்நிறுவனத்தின் தென்னிந்திய வட்டாரக் குழுவின் தலைவராக விளங்கி, 1966-ஆம் ஆண்டில் மறைந்தார். இந்தியாவின் முதற் பெண் கணக்காளர் என்று அவரைப் போற்றுகின்றோம். தேறியதற்கும் உரிமம் பெற்றதற்கும் இடையே நின்ற நான்கு ஆண்டுகளை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். அவற்றைப் பற்றிப் பின்னர்க் கேட்போம்.

இனி, இக்காலத்துத் தேர்வின் முறைமை. பெற்றோர் பலர்க்கு இது தெளிவாகத் தெரியாமையின் விரித்துரைக்கின்றோம். 2023-ஆம் ஆண்டு ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த திட்டத்தின்படி படிகள் மூன்று: அடிப்படை நிலை, இடைநிலை, இறுதிநிலை. பத்தாம் வகுப்புத் தேறியவர் அடிப்படை நிலைக்குப் பதிவு செய்துகொள்ளலாம். பன்னிரண்டாம் வகுப்பை முடித்தபின் அத்தேர்வை எழுதலாம். கணக்கியல், வணிகச் சட்டம், கணிதமும் புள்ளியியலும், பொருளியல் என நான்கு தாள். வணிகவியற் பட்டம் 55 விழுக்காட்டோடும், பிற பட்டம் 60 விழுக்காட்டோடும் பெற்றவர்கள் அடிப்படைத் தேர்வின்றியே இடைநிலைக்குச் செல்லலாம். இடைநிலையில் இரண்டு தொகுதிகளாக ஆறு தாள். அவ்விரண்டையும் முடித்தவர் ஒரு பட்டயக் கணக்காளரிடம் இரண்டு ஆண்டு பயிற்சி பெறுதல் வேண்டும். பயிற்சிக் காலத்தில் சிறு உதவித்தொகையும் உண்டு. பயிற்சி முடிந்து ஆறு திங்கள் கழித்து இறுதிநிலை. அதிலும் இரண்டு தொகுதி, ஆறு தாள். தடையின்றிச் சென்றால் பன்னிரண்டாம் வகுப்பிற்குப் பின் 42 திங்களில் முடியும். இறுதிநிலை தேறியவர் உறுப்பினராகப் பதிவு பெறுவார். அதன்மேல் தொழில் புரிதற்குரிய சான்றும் பெற்ற பின்னரே தணிக்கை அறிக்கையிற் கையொப்பமிட இயலும்.

தேறுதற்குரிய விதியைக் கூர்ந்து கேட்டருள்க. ஒவ்வொரு தாளிலும் 40-க்குக் குறையாமலும், மொத்தத்தில் 50 விழுக்காட்டுக்குக் குறையாமலும் பெறுதல் வேண்டும். ஒரு தாளில் 39 பெற்றாலும் மற்றத் தாள்களிற் பெற்ற மிகுதி அக்குறையை நிரப்பாது. இடைநிலையிலும் இறுதிநிலையிலும் இரண்டு தொகுதிகளை ஒருங்கே எழுதுவோரில் ஐந்தில் ஒருவர் தேறுவதே பல முறைகளில் அரிதாயிருக்கின்றது. ஆகவே தவறுதல் இத்தேர்வின் இயல்பு. நன்கு படித்தவரும் தவறுவர். அதனை அறிந்தே நிறுவனமும் சில வாயில்களைத் திறந்து வைத்துள்ளது. அவ்விரு நிலைகளிலும் தொகுதி தவறினாலும், ஒரு தாளில் 60 பெற்றவர் அடுத்த மூன்று முறைக்கு அத்தாளை மீண்டும் எழுத வேண்டுவதில்லை. தேர்வும் ஆண்டுக்கு மும்முறை நடைபெறுகின்றது. ஒரு முறை செய்த பதிவு அடிப்படை நிலைக்கு 4 ஆண்டும், இடைநிலைக்கு 5 ஆண்டும், இறுதிநிலைக்கு 10 ஆண்டும் செல்லும்.

தேர்வு நடத்துகின்றவர்களே நான்கும் ஐந்தும் பத்துமாக ஆண்டுகள் கொடுக்கின்றனர். நம் சங்கம் எவ்வளவு கொடுக்கின்றது? ஒரே ஒரு முறை. நமது கல்வி நிதியின் விதிகளில், உதவி பெறும் மாணவர் தேர்வில் தவறினால் உதவி அப்பொழுதே நிற்கும் என்று எழுதியுள்ளோம். பள்ளித் தேர்வையும் கல்லூரித் தேர்வையும் மனத்திற் கொண்டு அவ்விதி செய்தோம். அதற்குக் கை உயர்த்தியவர்களுள் யாமும் ஒருவேம்.

இனி, இதனைப் பேச வேண்டிய கடப்பாடு எமக்கு மிகுதி என்று முதலிற் சொன்னதன் காரணம். சில ஆண்டுகளுக்கு முன் எம் பள்ளியில் தமிழ் வழியில் வணிகவியல் பயின்ற மாணவி ஒருத்தி, தறிக்காரர் மகள், இந்நிதியின் உதவியோடு அடிப்படைத் தேர்வை எழுதினாள். 400-க்கு 212 பெற்றாள். மொத்தத்தில் வேண்டிய 200-க்கு மேல் 12 மிகுதி. ஆயினும் சட்டத் தாளில் 37. மூன்று மதிப்பெண் குறைவால் தவறினாள். விதிப்படி உதவி நின்றது. எம்மிடம் வந்து நின்ற குழந்தைக்கு யாம் என்ன சொன்னோம்? ‘அம்மா, இத்தேர்வு நம்மனோர்க்கு ஒத்ததன்று, ஆசிரியர்ப் பயிற்சிக்குப் போ’ என்றோம். அறிவுரை சொன்னதாகவே எண்ணிக்கொண்டு வீடு திரும்பினோம்.

அந்த 37-இல் எமக்கும் ஒரு பங்குண்டு. இத்தேர்வை ஆங்கிலத்திலேனும் இந்தியிலேனும் எழுதலாம். தமிழில் எழுத இயலாது. தமிழில் எழுதவும் வழி வேண்டும் என்பது எம் உறுதியான கருத்து; சங்கம் அதனை விண்ணப்பமாக எழுதினால் யாமே எழுதித் தருவோம். ஆனால் அவ்வழி திறக்கும்வரை பிள்ளைகளைக் கரையில் நிறுத்துதல் தகாது. அந்தக் குழந்தைக்குச் சட்டம் தெரிந்திருந்தது; தெரிந்ததை ஆங்கிலத்தில் நான்கு வாக்கியமாக எழுத வரவில்லை. தமிழ்ப்பற்றின் மிகுதியால், ‘ஆங்கிலத்தை விடுங்கள்’ என்று வகுப்பில் வேடிக்கையாகப் பலமுறை பேசியவரும் யாமே. ஆசிரியன் வேடிக்கையாகச் சொல்வதையும் பிள்ளைகள் மெய்யாகக் கொள்கின்றனர்.

அவள் ஆசிரியர்ப் பயிற்சிக்குப் போகவில்லை. ஒரு கடையில் ரசீது எழுதும் வேலைக்குச் சென்றாள். தன் சம்பளத்தில் மிச்சம் பிடித்து மீண்டும் எழுதி அடிப்படை நிலையைக் கடந்தாள். இடைநிலையில் முதல் தொகுதியில் தேறினாள். இரண்டாம் தொகுதியில் ஒரு முறை தவறினாள். ஒரு தாளில் 60-க்கு மேல் பெற்றிருந்தமையால் அடுத்த முறை எஞ்சியவற்றை மாத்திரம் எழுதித் தேறினாள். இப்பொழுது வேலூரில் ஒரு கணக்காளர் அலுவலகத்தில் பயிற்சி பெறுகின்றாள். நாள்தோறும் பேருந்திற் போய் வருகின்றாள். இறுதிநிலை இன்னும் எஞ்சியிருக்கின்றது. இவ்வளவிலும் நம் நிதியினின்று அவளுக்கு ஒரு காசும் போகவில்லை.

சென்ற பொங்கல் விடுமுறையில் அவள் எம்மைக் காண வந்தாள். எமக்கு முகங்கொடுத்துப் பேச நாணமாயிருந்தது. என்ன பேசுவதென்று தெரியாமல், பெட்டியிலிருந்த தந்தையாரின் நோட்டை எடுத்துக் கொடுத்து, ‘இதனைப் படித்துச் சொல்லம்மா’ என்றோம். அன்று மாலை முழுதும் எம் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, ஒரு தாளில் இரு பக்கமாகக் கோடிட்டு, வரவை ஒரு புறமும் பற்றை மறுபுறமும் எடுத்தெழுதினாள். விளக்கேற்றும் நேரத்தில் எம்மை அழைத்தாள். மூன்று இடங்களில் ஜரிகை எடைக் குறைவு இரண்டு முறை கழிக்கப்பட்டிருந்தது. கூட்டினால் 1,840 ரூபாய். கம்மல் அடகுக்குப் போவதற்கு முன்னரே முன்பணம் தீர்ந்திருந்தது.

யாரையும் பழித்தற்கு இதனைச் சொன்னோமல்லேம். அவ்வேட்டை இருவர் மாறி மாறி எழுதியிருக்கின்றனர். ஒருவர் எழுதியதை மற்றவர் அறியாமல் மீண்டும் எழுதியிருத்தல் கூடும் என்று அவளே சொன்னாள். எழுதியவரும் இன்றில்லை, எம் பெற்றோரும் இல்லை. கணக்கறிந்த ஒருவர் அன்று எம் தெருவில் இருந்திருப்பின் ஒரு மாலைப் பொழுதில் முடிந்திருக்கும் காரியம் அது. அத்தகைய ஒருவரை, மூன்று மதிப்பெண்ணைக் காரணங்காட்டித் திருப்பி அனுப்பினோம் என்பதே எம் நெஞ்சை அறுக்கின்றது.

நெசவு செய்வோர்க்கு யாம் சொல்லத் தேவையில்லை. பாவில் ஓரிழை அறுந்தால் அவ்விழையைப் பிணைத்துவிட்டு மேலே நெய்கின்றோம். அறுந்ததற்காகச் சேலையை வெட்டி எறிந்தவர் நம் ஊரில் உண்டோ? பிள்ளைகளின் படிப்பில் மாத்திரம் அவ்வாறு செய்கின்றோம். சிவபோகம் அம்மையார் தேறியதற்கும் பதிவு பெற்றதற்கும் இடையே நின்ற ஆண்டுகளில், அவருடைய வீட்டாரும் நண்பரும், ‘போதும், விட்டுவிடு’ என்று சொல்லியிருப்பின் என்னாகும்? அவ்விடைவெளியில் துணை நிற்றலே சங்கத்தின் வேலை. தேறியபின் மாலையிடுவதற்கு யாரும் வருவர்.

பணம் எங்கே என்று பொருளாளர் கேட்பார். ஆண்டுவிழாப் பந்தலுக்கும் விருந்துக்கும் நாம் செலவிடுவதிற் பாதியை நிறுத்தினாலே இரண்டு பிள்ளைகளைத் தாங்கலாம். பெண் பிள்ளைக்கு இத்தனை ஆண்டு படிப்பா என்று சிலர் கேட்பர். அவர்க்கு விடையாக மேலே இரண்டு பெண்மணிகளையும் நம்மூர்ப் பெண் ஒருத்தியையும் காட்டினோம். நான்காவது விடை வேண்டுவதில்லை.

இளைஞர்க்கும் சில சொற்கள். பொருளை முதலில் தமிழில் விளங்கிக்கொள்ளுங்கள். பேரேடு, ஐந்தொகை, தேய்மானம், சரக்கிருப்பு என்னும் சொற்கள் நம் வீட்டுச் சொற்கள்; பொருள் விளங்கினால் ஆங்கிலப் பெயர் அச்சம் தராது. பின்னர் நாள்தோறும் ஒரு விடையேனும் ஆங்கிலத்தில் கைப்பட எழுதுங்கள். விரும்பிய தாளிலேயே பொழுதைப் போக்காதீர்கள். 40-ஐக் காக்க வேண்டிய தாள் எதுவோ அதற்கே விடியற்பொழுதைக் கொடுங்கள். அடிப்படை நிலையில் விடையைத் தேர்ந்து குறிக்கும் தாள்களில் பிழையான விடைக்குக் கால் மதிப்பெண் கழியும், ஊகத்தால் குறியாதீர்கள். தவறினால் நாணாதீர்கள், மதிப்பெண் பட்டியலை எடுத்துக்கொண்டு எம்மிடம் வாருங்கள். முன்பு சொன்ன சொல்லை இனிச் சொல்லமாட்டோம்.

நிறைவாக, இவ்வவையின் முன் நான்கு வேண்டுகோள்களைத் தீர்மானமாக வைக்கின்றோம். ஒன்று: இத்தேர்வுக்குப் படிப்போர்க்குரிய உதவி, ஒரு முறை தவறியதும் நில்லாது, நிறுவனத்திற் செய்த பதிவு செல்லுங்காலம் வரை தொடர்தல் வேண்டும். இரண்டு: தறியோசையிடையே படிக்க இயலாத பிள்ளைகளுக்காகச் சங்கக் கட்டடத்தின் பின்னறையை விடியற்காலையிலும் இரவிலும் விளக்கோடு திறந்துவைத்தல் வேண்டும். மூன்று: வாரம் இருமுறை ஆங்கிலம் எழுதக் கற்பிக்க ஒருவரை அமர்த்துதல் வேண்டும், அவ்வகுப்பில் தமிழ்ப் பொருள் சொல்லும் பணியை யாம் ஊதியமின்றி ஏற்கின்றோம். நான்கு: நம் கல்வி நிதியின் வரவு செலவை ஆண்டுதோறும் இவ்வவையிற் படித்துக் காட்டுதல் வேண்டும். உத்திரமேரூரார் கல்லில் வெட்டினர். நாம் தாளிலேனும் எழுதுவோம்.

பழைய விதிக்குக் கை உயர்த்திய அன்று யாம் இரண்டாம் வரிசையில் இருந்தோம். இன்று அதனை மாற்றுதற்கு முதலில் உயரும் கை எம்முடையதாகுக.